சித்தி படத்துக்கு மாலை போட்ட ஐப்பசி

என்னோடு ஓய்வூதியம் வாங்குகிறவர்களிடம் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணியில் இருந்த காலம் முழுவதும் நான் அடுத்தவர் முகத்தில் கையெழுத்துப் போட்டுப் பிழைத்தவள். சான்றொப்பம் இடும் அதிகாரிக்கு வேறென்ன வேலை? விண்ணப்பத்தில் ஒட்டிய படத்தின் மேல் பாதி, தாளின் மேல் பாதி விழுகிற மாதிரி பச்சை மையில் ஒரு கையெழுத்து, கீழே முத்திரை. இரண்டு காதும் தெரிய வேண்டும், மூக்குக் கண்ணாடியில் வெளிச்சம் அடிக்கக் கூடாது, படம் அண்மையில் எடுத்ததாக இருக்க வேண்டும். இந்த விதிகளை உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்து, "நீங்கதானா இது?" என்று கேட்பேன். பெரும்பாலும் அவர்கள்தான். சில சமயம், அவர்கள் ஆக விரும்பிய ஆள்.

அண்மையில் உறவுக்காரப் பையன் ஒருவன் விழுப்புரத்தில் பலகாரக் கடை போடுகிறேன் என்று வந்து, கடையின் விளம்பரப் படத்தைக் கைப்பேசியில் காட்டினான். நரைத்த தலை அம்மாள் ஒருத்தி அடுப்படியில் முறுக்கு பிழிகிறாள். மூக்குத்தி இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தன.

"யாருடா இந்தம்மா?"

"யாருமில்ல அத்தை. கம்ப்யூட்டரே செஞ்சது. நம்ப வூட்டு ஆளு மாதிரி இருக்குது இல்ல? கஸ்டமருக்கு ஒரு நம்பிக்கை வரும்."

நம் வீட்டில் இது புதிதில்லை என்றேன். அவனுக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரியும். ஸ்டுடியோக்காரர் கொடுத்த கோட்டை மாட்டிக்கொண்டு, அவர் கொடுத்த பேனாவைப் பையில் செருகிக்கொண்டு நின்ற தலைமுறை நாம்.

திண்டிவனம் கடைத்தெருவில் அப்பாவுக்குப் பாத்திரக் கடை. பித்தளை அண்டாக்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வாசலில் வைத்திருப்பார். வெயில் ஏறினால் தெருவே மஞ்சளாகும். எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது அம்மா மஞ்சள் காமாலையில் இறந்துபோனாள். அவளுக்கு முகம் தெரிகிற மாதிரி ஒரு புகைப்படம்கூட இல்லை.

கல்யாணப் படம் ஒன்று இருந்தது. அதில் அப்பா நன்றாக இருக்கிறார். அம்மா குனிந்திருக்கிறாள். மணமேடையில் பெண் நிமிர்ந்து பார்த்தால் ஊர் ஒரு வருஷம் பேசும் என்பதால் குனியச் சொல்லியிருந்தார்கள். அவள் சொன்னதைச் செய்கிறவள். வகிடு, நெற்றிச்சுட்டி, சடையில் தைத்த பூ, மூக்கின் நுனி. அவ்வளவுதான் அம்மா. அதன் பிறகு என்னைச் சுமந்தாள். வயிற்றுப்பிள்ளைக்காரியைப் படம் எடுக்கக் கூடாது என்றார்கள். நான் பிறந்தேன், கைப்பிள்ளையோடு எடுத்தால் கண் படும் என்றார்கள். அதன் பிறகு யாரும் ஒன்றும் சொல்லவில்லை, யாருக்கும் நேரமும் இல்லை.

அம்மா போன அடுத்த ஆவணியில் அப்பா விழுப்புரத்தில் இரண்டாவது கடைக்கு இடம் பிடித்தார். கடைக்கு அம்மா பெயர். தையில் திறப்பு. பெயர் வைத்தாயிற்று, முகத்துக்கு எங்கே போவது என்பதுதான் சிக்கல். அக்காலக் கடைத்தெருவில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் கல்லாவுக்கு மேலே ஒரு படம் மாலையோடு தொங்கும். எதிரே இருந்த ஜவுளிக் கடையில் முறுக்கு மீசை வைத்த ஒரு தாத்தா தொங்கினார். படம் இருந்தால் கடை தலைமுறை கண்டது. இல்லாவிட்டால் நேற்று வந்தது.

"மூஞ்சி இல்லாத கடைய எவன் நம்புவான்?" என்றார் அப்பா. அவர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. அம்மா படம் கல்லாவுக்கு மேலே வேண்டும், வீட்டில் வேண்டும், வருஷக் காலண்டரிலும் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். காலண்டர் விஷயத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டில் அப்போது சித்தி இருந்தாள். அம்மாவின் ஒரே தங்கை. பள்ளி இறுதி வகுப்பு முடித்துவிட்டு விழுப்புரத்தில் தாத்தாவோடு இருந்தவளை, என்னைப் பார்த்துக்கொள்வதற்காகத் திண்டிவனத்துக்கு அனுப்பியிருந்தார்கள். பத்தொன்பது வயது. முன்பல் இரண்டும் கொஞ்சம் எத்தினாற்போல் இருக்கும். சிரிக்கும்போது அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதில்லை. எனக்குத் தலை பின்னும்போது ஒருமுறை தெரியாமல் "அம்மா" என்றுவிட்டேன். சீப்பால் முதுகில் ஒன்று வைத்தாள்.

"சித்தின்னு கூப்புடு. உங்கம்மா ஒருத்திதான். அந்தப் பேர வேற ஆளுக்குக் குடுக்கக் கூடாது."

அவளுக்கு அனந்தபுரத்தில் ஒரு வரன் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை சைக்கிள் கடை வைத்திருந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. சித்தி அந்த வரனைப் பற்றி அதிகம் பேசமாட்டாள். துணி அலசும்போது ஒரு நாள் சொன்னாள்: "சைக்கிள் கடையோ, மல்லாட்டைக் கடையோ. எனக்குன்னு ஒரு வூடு பாப்பா. அங்க என் பேரச் சொல்லிக் கூப்புடணும்."

புரட்டாசியில் அப்பா, சித்தி, நான் மூன்று பேரும் பாசஞ்சரில் விழுப்புரம் போனோம். தாத்தா ஸ்டேஷனில் சேர்ந்துகொண்டார். ஸ்டுடியோ பக்கத்திலேயே, மாடியில். ஏறும்போதே படம் கழுவும் மருந்தின் புளித்த வாசனை. உள்ளே சுவர் முழுக்க ஒரு திரைச்சீலை. அதில் மாளிகைப் படிக்கட்டு, பாதி நிலா, எந்த ஊரிலும் இல்லாத ஒரு மரம். விழுப்புரம் முழுவதும் அந்தப் படிக்கட்டில் ஏறி நின்று படம் எடுத்திருக்கிறது.

ஸ்டுடியோக்காரர் கல்யாணப் படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"போட்டோவுல கறுப்ப செவப்பாக்கலாம், ஒல்லிய குண்டாக்கலாம். குனிஞ்ச தலைய மட்டும் நிமித்த முடியாது சார்" என்றார். பிறகு, "கூடப் பொறந்தது எதாவது கீதுங்களா?"

மூன்று பேரும் சித்தியைத் திரும்பிப் பார்த்தோம். அவர் துணி எடுக்க வந்தவர் போல அவள் முகத்தை இப்படியும் அப்படியும் பார்த்தார்.

"ஜாடை இருக்குது. மிச்சத்த என் பென்சில் பாத்துக்கும். கவலையே படாதீங்க. இந்த ஊர்ல பாதி வூட்ல மாலை போட்டுத் தொங்கறது என் கைவேலைதான். ஒரு புள்ளைக்காவது தெரியுமா, கேளுங்க."

அதை அவர் பெருமையாகத்தான் சொன்னார். அவர் கணக்கில் அது தர்மம். முகமில்லாத வீடுகளுக்கு முகம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

சித்தியை அம்மாவின் அரக்குப் பட்டுப் புடவையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். பெட்டியில் கிடந்த அந்துருண்டை வாசனை இரண்டடி தள்ளி நின்ற எனக்கும் வந்தது.

"எங்கயாவது மச்சம் கிச்சம் இருந்துதா அவங்களுக்கு?" என்றார் ஸ்டுடியோக்காரர், பென்சிலைச் சீவிக்கொண்டே.

"எடது கன்னத்துல" என்றார் தாத்தா.

"தாவாக்கட்டைல" என்றார் அப்பா.

"ஒண்ணு சொல்லுங்க. ரெண்டு வெச்சா அசிங்கமாப் பூடும்."

"அம்மாவுக்கு மச்சமே இல்ல" என்றேன் நான். சிறுபிள்ளை என்று எல்லோரும் சிரித்தார்கள். பெரியவர்கள் பொய் சொல்கிறார்கள் என்றுதான் அப்போது நினைத்தேன். இன்று அப்படி நினைக்கவில்லை. இரண்டு பேரும் அவளை மறந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் மற்றவருக்கு நினைவிருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மச்சம் தாவாங்கட்டைக்குப் போனது. செலவு அப்பாவுடையது.

"வாய மூடுங்கம்மா."

"மூடித்தான் இருக்குது" என்றாள் சித்தி.

"இன்னும் மூடுங்க."

"இதுக்கு மேல மூடினா மூச்சு விட முடியாதுங்க."

"ஒரு நிமிஷம் விடாதீங்க. ரெடி."

படம் வந்தது. நன்றாகத்தான் இருந்தது, அதுதான் கோளாறு. அது அம்மாவும் இல்லை, சித்தியும் இல்லை. இரண்டு ஸ்டேஷனுக்கும் நடுவே வயல்காட்டில் நின்றுபோன பாசஞ்சர் மாதிரி, இரண்டு பேருக்கும் நடுவே நின்றுபோன ஒருத்தி. வாய் மட்டும் இறுக மூடியிருந்தது.

ஐப்பசியில் அம்மாவின் முதல் வருஷத் திதி வந்தது. விடாத மழை. ஓட்டு இடுக்கில் ஒழுகிய இடத்திலெல்லாம் கடையிலிருந்து வந்த புது அலுமினியத் தவலைகளை வைத்திருந்தோம்; ஒவ்வொன்றும் ஒரு சுருதியில் சொட்டிக்கொண்டிருந்தது. கூடத்தில் படத்தை மாட்டி, ரோஜா மாலை போட்டு, பொட்டு வைத்தார்கள். வீட்டில் வேறு பெண் இல்லாததால் விளக்கேற்றிக் கற்பூரம் காட்டும் வேலை சித்திக்கு வந்தது. தன் முகத்துக்குத் தானே கற்பூரம் காட்டினாள். சாம்பிராணிப் புகையில் இரண்டு முகமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

திதிச் சாப்பாட்டுக்கு வந்த எதிர்வீட்டு அம்மாள் வெற்றிலையை மடித்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"இன்னா பொண்ணே, உனக்கு நீயே படைச்சிக்கினு கீறே."

"அக்காவுக்குத்தாங்க படைக்கிறோம்."

"சரிதான். படத்துல ஒக்காந்தாச்சு, அப்டியே வூட்லயும் ஒக்காந்துடேன். பாப்பாவுக்கும் ஆச்சு, உங்க மாமாவுக்கும் ஆச்சு."

"படம் மாட்டினா ஆளு வந்து ஒக்காந்துடணும்னு கணக்கா? உங்க வூட்டுக்காரரு படம் ஒண்ணு குடுங்க. எங்க கடைல மாட்டறோம். சாயங்காலம் வந்து அண்டா தொலக்கட்டும்" என்றாள் சித்தி.

சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஆனால் எதிர்வீட்டு அம்மாள் சொன்னது ஊர் வழக்கம்தான். அக்காள் போனால் தங்கையைக் கட்டிவைப்பது எங்கள் பக்கம் சாதாரணம். குழந்தைக்கு மாற்றாந்தாய் வராது, கொடுத்த நகை வெளியே போகாது. தாத்தா அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ளவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தியை அந்த இடத்தில் பார்க்க அவர் கண்ணுக்கு அன்றே பழகிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

கார்த்திகையில் காலண்டர் கட்டுகள் வந்து இறங்கின. மற்றக் கடைகளில் மார்கழி பிறந்த பிறகுதான் கொடுப்பார்கள். அப்பாவுக்கு அதில் ஒரு வியாபார ஞானம் இருந்தது.

"செவுத்துல ஆணி ஒண்ணுதான் பாப்பா. எந்தக் காலண்டரு மொதல்ல போவுதோ அதுக்குத்தான் அந்த ஆணி."

மேலே லட்சுமி. கீழே கடைப் பெயர். ஓரத்தில் நீள்வட்டத்துக்குள், வாயை மூடிக்கொண்டு, தாவாங்கட்டையில் மச்சத்தோடு சித்தி. அதற்கடியில் 'அமரர்' என்று போட்டு அம்மாவின் பெயர். கடை விற்பனையாள் சைக்கிளில் கட்டி எடுத்துக்கொண்டு வல்லம், அனந்தபுரம் என்று வாடிக்கையாளர் வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வந்த பிறகுதான் சித்தி ஒன்றைப் பார்த்தாள்.

'அமரர்' என்ற எழுத்தை விரலால் தடவினாள். பிறகு, "மாமா, இத எத்தினி வூட்ல மாட்டுவாங்க?" என்றாள்.

"மாட்டாத வூடே இருக்காது" என்றார் அப்பா. கேட்டது எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. விற்பனை பற்றிய கேள்வி என்று நினைத்துவிட்டார்.

அந்த மாதக் கடைசியில் அனந்தபுரத்தார் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை வரவில்லை, அவர் அம்மாவும் ஒரு பெரியவரும் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா நிதானமான மனுஷி. சித்தி காபி டம்ளரோடு வந்து நின்றதும் அவள் முகத்தைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். மறுபடி முகத்தைப் பார்த்தார். டம்ளரை எடுக்கவில்லை.

"அந்தப் படத்துல கீறது யாருங்க?"

"அது எங்க வூட்டம்மா. காலமாயிட்டாங்க" என்றார் அப்பா.

"அப்ப இந்தப் பொண்ணு?"

"அவ தங்கச்சிங்க."

"ரெண்டு பேரும் அச்சு அசலா ஒண்ணா கீறாங்களே."

அப்பா எதையோ சொல்ல வாயெடுத்தார். சித்தி முந்திக்கொண்டாள்.

"ஒண்ணா இல்லீங்க. ஒருத்திதான். அது நான்தான். அக்காவுக்குப் போட்டோ இல்லன்னு என்னை ஒக்கார வெச்சு எடுத்தாங்க."

தாத்தா தலையில் கை வைத்துக்கொண்டார். மாப்பிள்ளையின் அம்மா குரலை உயர்த்தவே இல்லை.

"எங்க வூட்ல உங்க காலண்டர்தாங்க தொங்குது. பொழுது விடிஞ்சா என் புள்ள அது மூஞ்சிலதான் முழிக்கிறான். உயிரோட கீற பொண்ணுக்கு அமரர்னு அச்சடிச்சு, மாலை போட்டு, கற்பூரமும் காட்டிட்டு, அதுக்கப்புறம் பொண்ணு பாக்கக் கூப்புட்டிருக்கீங்க. நாளைக்கு அவ அடுப்படில நிக்கும்போது எனக்கு அந்த மாலைதான் ஞாபகம் வரும். தப்பா நெனைக்காதீங்க."

எழுந்துவிட்டார்கள். வேர்க்கடலையை மல்லாட்டை என்பது எங்கள் பக்கம்; தட்டில் வைத்த மல்லாட்டை உருண்டையை எதிர்வீட்டு அம்மாள் பிறகு வந்து சாப்பிட்டாள்.

விஷயம் வெளியே போக எத்தனை நேரம் ஆகும்? தாத்தா அன்று சாயங்காலமே அப்பாவிடம் பேசினார். "இனிமே எவன் மாப்ள வருவான் இவளுக்கு? செத்தவளுன்னு ஊர் பூரா ஒட்டிட்டீங்க. தைல கடை தொறக்கறீங்க இல்ல, அதோட சேத்து நீங்களே ஒரு முடிச்சு போட்டுடுங்க. எனக்கும் நிம்மதி."

அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் பணியாற்றிய அலுவலகங்களில் இதற்கு 'ஆட்சேபணை பெறப்படவில்லை' என்று குறிப்பெழுதி ஒப்புதல் கொடுத்துவிடுவோம். தாத்தாவும் அப்படியே எடுத்துக்கொண்டார். யாரும் சித்தியைக் கேட்கவில்லை. அவள் கேட்காமலேயே பதில் சொன்னாள். கூடத்துக்கு வந்து படத்துக்குக் கீழே நின்றாள்.

"மாமா. ஆமாத்தூருக்கு வாங்க."

தாத்தா முகம் வெளுத்தது. விழுப்புரத்துப் பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். திருவாமாத்தூர் கோயிலில் வட்டப்பாறை என்று ஒரு சன்னதி. சொத்துத் தகராறு, கொடுக்கல் வாங்கல், சொன்ன சொல்லை மறுப்பது, எதுவானாலும் கடைசியில் 'ஆமாத்தூருக்கு வா' என்பார்கள். அங்கே நின்று பொய்ச் சத்தியம் செய்தவன் தப்ப மாட்டான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நீதிமன்றக் கூண்டில் ஏறித் தாராளமாகச் சாட்சி சொல்கிறவர்கள்கூட ஆமாத்தூர் என்றதும் சமரசத்துக்கு வந்ததை என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன்.

"எதுக்கு?" என்றார் அப்பா.

"படத்துல கீறது அக்காதான்னு வட்டப்பாறைல ஒரு வார்த்த சொல்லுங்க. சொல்லிட்டீங்கன்னா நான் இந்த வூட்லயே இருந்துட்றேன். யாரும் முடிச்சு போடச் சொல்லி உங்களக் கெஞ்ச வேணாம், நானே கழுத்த நீட்றேன்."

"சொல்ல முடியலன்னா?"

"அப்ப என்னை எறக்கிடுங்க."

அவள் கை சுவரைக் காட்டியது.

"சொன்னா போச்சு" என்றார் அப்பா. வியாபாரி. சரக்கு நல்ல சரக்கு என்று நாளெல்லாம் சொல்கிறவர்.

மார்கழிக் காலையில் போனோம். படத்தை மாலையைக் கழற்றித் துண்டில் சுற்றி அப்பா மடியில் வைத்துக்கொண்டார். ரயில் ஜன்னலில் பனி. விழுப்புரத்திலிருந்து ஜட்கா வண்டியில் நான் சித்திமீது சாய்ந்துகொண்டு போனேன். கோயில் தளம் உள்ளங்காலைச் சுட்டது போலக் குளிர்ந்தது. எண்ணெய்ப் பிசுக்கும் வெண்பொங்கல் வாசனையும்.

குருக்கள் பழக்கப்பட்டவர். "என்ன வழக்கு?" என்றார்.

"வழக்கு இல்ல சாமி. போட்டோ" என்றார் அப்பா.

"போட்டோவுக்கா சத்தியம்?" குருக்கள் எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். "சரி, சொல்லுங்கோ. சொல்றதுக்கு முன்னாடி நன்னா யோசிச்சுக்கோங்கோ. நான் எல்லாரண்டையும் சொல்றதுதான்."

அப்பா சட்டையைக் கழற்றித் தாத்தாவிடம் கொடுத்தார். துண்டைப் பிரித்தார். படத்தைப் பார்த்தார். சித்தி மூன்றடி தள்ளி, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் உதடு வெளுத்திருந்தது. ஒரு வார்த்தை போதும், அவள் கதை முடிந்தது. அப்பா வார்த்தைக்குத் தட்டுப்பாடு உள்ளவரும் இல்லை.

அவர் கண்ணை மூடினார். மூடியபடியே நின்றார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்.

"பாப்பா" என்றார் கண்ணைத் திறக்காமல். "அம்மாவுக்கு மச்சம் இல்லதானே?"

"இல்லப்பா."

"இப்பக் கண்ண மூடினா மச்சத்தோடதான் வர்றா." அவர் குரல் கடைக்குரல் இல்லை. "ரெண்டு மாசத்துக்கு முன்னால வரைக்கும் அவ வருவா. மூஞ்சி தெரியாது, ஆனா அவதான்னு தெரியும். இத மாட்டினதுலேர்ந்து இதுதான் வருது. அவ வர்றதே நின்னுபோச்சு." படத்தைத் துண்டில் மூடினார். "இது அவ இல்ல சாமி. இது என் கொழுந்தியா."

குருக்கள் விபூதி கொடுத்தார். அங்கே உண்மையைச் சொன்னவர்களுக்கும் அதேதான் கொடுப்பார்கள் போல.

"அக்கா படத்துக்கு ஒக்காந்தேன் மாமா" என்றாள் சித்தி, வெளிப் பிரகாரத்துக்கு வந்ததும். "அவ எடத்துக்கு என்னால ஒக்கார முடியாது."

"தெரியுது" என்றார் அப்பா. "வுடு. எறக்கிட்றேன்."

இறக்குவது என்றால் கூடத்துச் சுவரிலிருந்து மட்டுமா? ஊர் ஊராக ஆணியில் தொங்குகிறாளே. உயிரோடிருக்கும் ஒருவரை இறந்தவர் என்று அரசு ஏட்டில் தவறாகப் பதிந்துவிட்டால், அவரை மறுபடி உயிர்ப்பிக்க எத்தனை மேசை ஏற வேண்டும் என்று எனக்குத் தெரியும். மனு, விசாரணை, இரு சாட்சிகள், மேலதிகாரியின் ஆணை. இவ்வளவுக்கும் நடுவே சம்பந்தப்பட்டவர் உண்மையாகவே போய்ச் சேர்ந்துவிட்ட சந்தர்ப்பமும் உண்டு. என் அப்பா அதைக் கஞ்சிப் பசையில் முடித்தார். அச்சகத்தில் சொல்லிச் சின்னச் சீட்டுகள் அடித்தார். 'இதிலுள்ள படம் எங்கள் மைத்துனியாருடையது. அவர் நலமாக உள்ளார். தவறுக்கு வருந்துகிறோம்.' விற்பனையாள் அதே சைக்கிளில், இந்தமுறை ஒரு தூக்கில் பசையோடு, அதே வீடுகளுக்குப் போய் 'அமரர்' மேல் ஒட்டிவிட்டு வந்தார். அந்தச் சீட்டு ஒட்டிய காலண்டர் ஒன்றுகூட இன்று கிடையாது. வருஷம் முடிந்ததும் காலண்டர் அட்டை விசிறியாகிவிடும். அதுதான் அதன் பதவி ஓய்வு.

கடைத்தெரு சும்மா விடுமா? எதிர் ஜவுளிக் கடைக்காரர் வாசலில் நின்றுகொண்டே சத்தமாகச் சொன்னார்: "செத்தவள எழுப்பிட்டீங்களாமே. பேஜாரு புடிச்ச வேலையா இல்ல கீது? ஒரு படம், எவன் கேக்கப் போறான்?"

"யாரும் கேக்கலதான்" என்றார் அப்பா. "உங்க கல்லாவுக்கு மேல ஒரு தாத்தா கீறாரே, அந்த மீசை அவருதானா? ஆமாத்தூருக்கு வர்றீங்களா?"

ஜவுளிக் கடைக்காரருக்கு உள்ளே ஏதோ வேலை வந்துவிட்டது. அவரும் விழுப்புரத்து மாடிப்படி ஏறியவர்தானோ என்னவோ.

அப்பா பயந்ததுபோல் வியாபாரம் படுக்கவில்லை. சீட்டைப் படித்துவிட்டுச் சில பெண்கள் நேரில் பார்க்கவே வந்தார்கள். வந்தவர்கள் வெறுங்கையோடு போக முடியாமல் ஒரு கரண்டியாவது வாங்கினார்கள். வல்லத்திலிருந்து வந்த ஒரு அம்மாள் குடத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "போட்டோவுல தப்பு பண்ணதயே வூடு வூடா வந்து சொன்னவரு, எடைல பொய் சொல்ல மாட்டாரு." இத்தனை வருஷம் எத்தனையோ விளம்பரம் பார்த்துவிட்டேன்; அதற்கு இணையான ஒன்றை எந்தக் கடைக்கும் யாரும் எழுதிக் கொடுத்ததில்லை.

தையில் விழுப்புரத்துக் கடை திறந்தது. பெயர்ப் பலகையில் அம்மா பெயர். கல்லாவுக்கு மேலே சுவர் வெறுமையாக இருந்தது. புதுச் சுண்ணாம்பு வாசனை மட்டும். தாத்தாவுக்கு அது குறையாகப் பட்டது. சித்தியின் அடுத்த வரன் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. யாரும் வரவில்லை என்பதுதான் காரணம். சித்தி புதுச் சரக்கில் சுற்றிவந்த வைக்கோலை உதறி, பித்தளைக் குடங்களைத் துடைத்து ஏணிமேல் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, மத்தியானம், ஒருவர் வாசலில் சைக்கிளை நிறுத்தினார். கையில் சுருட்டிய காலண்டர். சட்டை முதுகு நனைந்திருந்தது. அப்பா அதைப் பார்த்ததும் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டார்.

"புடிக்கலன்னா வெச்சிட்டுப் போங்க தம்பி. பரவால்ல."

"இல்லீங்க. நான் அனந்தபுரம். சைக்கிள் கடை." அவர் காலண்டரை விரித்தார். சீட்டு கொஞ்சம் கோணலாக ஒட்டியிருந்தது. "இதுல நலமா கீறதா போட்டிருக்குது. பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அப்பா கல்லாவை விட்டு எழுந்தார். "அம்மாவுக்குத் தெரியுமா தம்பி, வந்தது?"

"அவங்கதான் அனுப்பினாங்க. அச்சடிச்சது எதையும் இனிமே நம்பாதே, நேர்ல போய்ப் பாத்துட்டு வான்னாங்க."

ஏணிமேல் குடம் துடைக்கும் சத்தம் நின்றது. சித்தி இறங்கினாள். தலையில் வைக்கோல், முகத்தில் பித்தளைக் கறுப்பு, முந்தானை இடுப்பில் செருகியபடி. அப்பா கண்ணால் சாடை காட்டினார், போய் முகம் கழுவிக்கொண்டு வா என்று. அவள் போகவில்லை. கல்லாவுக்கு முன்னால் வந்து நேராக நின்றாள். வந்தவர் வாசல் வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றதால் அவர் முகம் இருட்டாக இருந்தது.

"கொஞ்சம் இப்டி வெளிச்சத்துல வந்து நில்லுங்க" என்றாள் சித்தி. "நானும் பாக்கணும் இல்ல."